முதல் முடிச்சு

தியாகு,

ஹைஸ்கூல் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. உன்னோடு ஐந்தாம் வகுப்புப் படித்த பையன்கள் எல்லாரும் எண்ணெய் வைத்துச் சீவிய தலையும் புதுச் சட்டையுமாக நம் வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கடைசிப் பையனும் முனை திரும்பிய பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாமலே, சட்டையை ஒரு பித்தான் தள்ளி மாட்டிக்கொண்டு அப்பாவின் கடலைக்காய் மண்டிக்குக் கிளம்பினாய். நிலைப்படியில் தடுக்கியது. விழவில்லை. விழாமல் சமாளித்ததற்காகத் திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். நீ போன பிறகும் அந்தச் சிரிப்பு வாசலிலேயே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் பேனாவை எடுத்தேன்.

இந்தக் கடிதம் இன்றைக்கு உன் கைக்கு வராது. நீ மீசை வைத்துக்கொண்டு, உனக்குப் பெண் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்செடுக்கிற காலத்தில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அந்தப் பெரிய மகனை மனசில் நிறுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகையால் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி வழித்து மெழுகிச் சொல்ல மாட்டேன். நடுவில் இதை நகல் எடுத்து ஒரு மாதர் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். மகனுக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பாய். முழுக்கப் படித்தால் உனக்கே தெரியும். இதில் வருகிற மற்றப் பெண்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். உனக்கு யார் யார் என்று தெரிந்துவிடும். இதை இரண்டு மாதம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டியவள். எழுதியிருந்தால் இன்றைக்கு நீயும் அந்தப் பையன்களோடு போயிருப்பாயோ என்னவோ.

நீ சீக்கிரம் பேசினாய், தாமதமாக நடந்தாய். விஜயதசமிக்குத் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி உன் விரலைப் பிடித்து எழுத வைத்தேன். நான் கையை விட்டதும் உன் விரல் அரிசியைத் தாம்பாளத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போயிற்று. எல்லாரும் சிரித்தோம். "ஒலகத்தையே எழுதப் பாக்குறான்டா" என்று உன் பெரியப்பா உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவரேதான். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரைக்கும் ரயில் நிற்கிற ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்வாய். கேட்டால் தலைகீழாகவும் சொல்வாய். ஆனால் பம்பரத்துக்குச் சாட்டை சுற்ற வராது. எப்படிச் சுற்ற வேண்டும் என்பது உனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அவன் பம்பரம் நின்று சுற்றியது. உன் கையில் சாட்டை நழுவி நழுவிக் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. நீ அவன் பம்பரத்தைப் பார்த்துக் கைதட்டினாய்.

டம்ளர் உன் கையில் நிற்காது. வேஷ்டி இடுப்பில் நிற்காது. கல்லும் மேடும் இல்லாத வெறுந்தரையில் விழுவாய். "பாத்துப் போடா, பாத்து வைடா, பாத்து எடுடா" என்று நான் நாள் பூராவும் கத்தியிருக்கிறேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். பார்க்கிறது கண்ணின் வேலை. உன் கண் உன்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை. தலை சொன்னது கைக்குப் போய்ச் சேருவதற்குள் நடுவில் எங்கேயோ தொலைந்துவிடுகிறது. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. திருச்சியில் கல்லூரியில் சரித்திரம் படித்தவள் நான். எத்தனையோ சண்டைகளின் காரணங்களை ஒப்பித்துப் பட்டம் வாங்கினேன். ஒரு குழந்தையின் கைக்கும் ஒரு பித்தானுக்கும் நடக்கிற சண்டையைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

பலகையில் எழுதிய வரைக்கும் எப்படியோ ஓடிற்று. பலப்பத்தை அழுத்தி அழுத்தி உடைப்பாய், நான் வேறு வாங்குவேன். காகிதத்துக்கு வந்தபோதுதான் யுத்தமும் வந்தது. கடையில் கிடைத்த காகிதம் வைக்கோலை அரைத்துப் பரப்பின மாதிரி இருந்தது. மற்றப் பையன்களின் நிப்பு அதில் ஓடியது. உன் நிப்பு உழுதது. ஒரு தாள் கிழிந்தால் பட்டாளத்துக்குப் போக வேண்டியதை நீ வீணடித்துவிட்ட மாதிரி வகுப்பே திரும்பிப் பார்க்கும். மைப்புட்டியைக் கவிழ்த்துப் பக்கத்துப் பையன் சட்டையில் கொட்டினாய்; அன்றிலிருந்து உனக்கு ‘மைக்கூடு’ என்று பெயர். டிரில் வகுப்பில் எல்லாரும் இடது காலை வைக்கும்போது நீ வலது காலை வைத்தாய் என்று வெயிலில் தனியாக நிற்க வைத்தார்கள். வாத்தியார் கை முட்டியில் அளவுகோலால் அடித்த தழும்பை என்னிடம் காட்டாமல் சாப்பிட்டாய். ஒளித்துக்கொண்டு சாப்பிட்டதில் சாம்பார் பூராவும் மடியில்.

டாக்டரிடம் போனோம். கண், காது, நரம்பு எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கொறையில்லம்மா. செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் முகமெல்லாம் கறுப்பாகி ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக்கூட உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். உடையார்பாளையத்திலிருந்து உன் பெரியப்பா வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. "படிச்ச பொம்பள வளத்த புள்ள. கையால ஒரு வேல செய்ய வுட்டாத்தான கை வரும்? புஸ்தகத்தப் படிச்சுக் காட்டிக்கிட்டே இருந்தா?" உன் அப்பா அப்போதெல்லாம் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணனை எதிர்த்துப் பேசாதவர், அதனால்தான் என்று நினைத்தேன்.

ஐந்தாவது முடித்தவர்கள் ஹைஸ்கூலில் முதல் பாரம் சேர ஒரு பரீட்சை வைத்தார்கள். கணக்கு, டிக்டேஷன். வீட்டுக்கு வந்து எனக்கு எல்லா விடையும் வாயால் சொன்னாய். ஒன்றுகூடத் தப்பில்லை. பலகையில் ஒட்டின பெயர்களில் உன் பெயர் இல்லை. ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். உன் தாளை எடுத்து என் முன்னால் போட்டார். பாதி கிழிந்து, மீதி மை. அதில் நானே எதையும் படிக்க முடியவில்லை.

"வாயால கேட்டுப் பாருங்க சார். எல்லாம் தெரியும் அவனுக்கு."

"தெரிஞ்சிருக்கலாம்மா. ஒருத்தனுக்காக வழக்கத்த மாத்த முடியுமா? ஒருத்தன்னா அது அவன் கொறை. நாலஞ்சு பேர் இருக்காங்கன்னா அது வேற விஷயம். நான் மேலே எழுதிக் கேக்கலாம், வாயால கேக்கறதுக்கு உத்தரவு வாங்கலாம். இருக்காங்களா?"

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. கெட்ட மனிதர் இல்லை. அவர் நியாயம் அவருக்கு. "இருப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ. "அப்ப பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள கூட்டிட்டு வாங்க" என்றார்.

உன்னை அடித்த சவரிமுத்து வாத்தியாரிடம்தான் முதலில் போனேன். வேறு யாருக்குத் தெரியும்? கோடை விடுமுறை, வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தியாகு மாதிரி வேற புள்ளைங்க உங்ககிட்ட வந்திருக்காங்களா சார்?"

"வராத வருஷம் எதும்மா? வகுப்புக்கு ஒண்ணு. சில வருஷம் ரெண்டு. பாடம் கேட்டா டக்குன்னு சொல்லும். எழுதச் சொன்னா கோழி கெளறுன மாதிரி இருக்கும். அடிச்சுப் பாத்திருக்கேன், முட்டி போட வச்சுப் பாத்திருக்கேன்."

"சரியாச்சா?"

"எங்க ஆவுது. நாலாவதுலயோ அஞ்சாவதுலயோ நின்னுடும்."

"அப்புறம் எங்க போறாங்க?"

அவர் சிரித்தார். "எங்க போவாங்க, இங்கதான் இருப்பாங்க. வளந்து கல்யாணம் காச்சின்னு ஆயி, நீங்க தெனம் பாக்குறவங்கதான். நமக்குத்தான் அடையாளம் தெரியாது."

மழை வரும், போகும் என்கிற மாதிரி சொன்னார். வருஷா வருஷம் வகுப்புக்கு ஒரு குழந்தை, இத்தனை வருஷ உத்தியோகத்தில் எத்தனை குழந்தை என்று அவர் ஒரு நாளும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்தார். ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று தனித்தனியாக வாயை மூடிக்கொண்டது. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட, இந்தக் கேள்வியை நான் இத்தனை நாள் யாரிடமும் கேட்கவில்லையே என்ற ஆத்திரம்தான் அதிகம். அந்த வருஷத்து வகுப்புகளிலிருந்து இரண்டு பெயர் சொன்னார். ஒன்று நாலாவது படிக்கிற காசிம். இன்னொன்று மூன்றாவது படிக்கிற பெண், வள்ளி.

காசிமின் அம்மா மைமூன் லெப்பைக்குடிகாட்டுக்காரி. புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. இங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வள்ளியின் அம்மா செல்லம்மா, உடையார்பாளையம் பக்கத்து மிராசு வீட்டு மருமகள். இப்போது குடியிருப்பது நமக்கு அடுத்த தெரு. இரண்டு பேரையும் ஒரு மத்தியானம் நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். நான் உன் பம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். மைமூன் துப்பட்டியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"எம்மவன் நோம்புக் கஞ்சி வாங்கியாரப் போவான்க்கா. பள்ளிவாசல்லேருந்து கலயம் வரும், கஞ்சி வராது. தெரு பூரா கஞ்சி. நாய்ங்கள்லாம் அவன் வர்ற நேரம் பாத்து நிக்கும்."

"எம்மக கோலம் போட்டா எலி ஓடுன தடம்" என்றாள் செல்லம்மா. "எங்க மாமியா பொழுது விடியறதுக்குள்ள அத அழிச்சுட்டு வேற போடுவாங்க, யாரும் பாத்துடக் கூடாதுன்னு."

"நீங்க அழிச்சுடலாம். கஞ்சிய எப்படி அழிக்கறது?"

"தல பின்னத் தெரியாது. மூணு கால் பிரிச்சுக் குடுத்தா, எந்தக் கால் எங்க போவுதுன்னு அதுக்கே தெரியாம முடிச்சு வுழுந்துடும். கத்தரிக்கோலாலதான் எடுக்கணும். பாதி மயிரு போயிடுச்சு அதுக்கு."

மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். எத்தனையோ வருஷம் கழித்து நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்த பிறகு மைமூன் சொன்னாள்: "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்க்கா. அவுக வேற இல்லியா, எம்மேல உள்ள குத்தம் எதுவோன்னு." செல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்மாஸ்டரிடம் வருகிறீர்களா என்று கேட்டேன். தன் அண்ணனை அனுப்புகிறேன், தானும் வண்டியில் வந்து வெளியே இருக்கிறேன் என்றாள் மைமூன். தானே வந்து சொல்கிறேன் என்றாள் செல்லம்மா.

சொன்ன நாளில் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வரவில்லை. கடைசியில் செல்லம்மா கொல்லைப் பக்கமாக வந்தாள், அதுவும் முக்காடு போட்டுக்கொண்டு. "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஹெட்மாஸ்டரு எங்க மாமனாருக்கு ஒறவு. பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ள தேடணும். பையன்னா பரவால்ல" என்றாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் மைமூன் வீட்டு வேலைக்காரப் பெண் வந்தாள். மைமூன் சொன்னபடியே ஒப்பித்தாள்: "அத்தா பக்கத்துல இல்லாத புள்ள. இதையும் ஊருல சொல்லிட்டா அவனுக்கு மிச்சம் என்னக்கா இருக்கு? மாப்புச் செய்ங்க."

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியான காரணங்கள், அதனால் கோபம் இன்னும் கூடுதலாக இருக்கிறது.

சரி, அப்பா வருகிறாரே என்று கிளம்பினேன். அவருக்குக் கல்யாணத்தில் போட்ட மூடிய கழுத்துக் கோட்டை எடுத்து மாட்டி, நானே பித்தான்களைப் போட்டுவிட்டேன். எப்போதும் நான்தான் போடுவேன். கல்யாணமான புதிதில் முகவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நீயும் கூட வந்தாய். ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே, ஜன்னலோரத்தில் உன்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனோம்.

மேசை மேல் மைப்புட்டி திறந்திருந்தது. அப்பா நாற்காலியை அதற்கு எட்டாத தூரத்துக்குப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். ஏன் அவ்வளவு தள்ளி உட்காருகிறார் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

"எங்கம்மா, நாலஞ்சு பேர்னீங்களே?"

"இருக்காங்க சார். வர முடியல."

"வர முடியலையா, இல்லையா?"

"இருக்காங்க சார். வகுப்புக்கு ஒருத்தர் இருக்காங்க. வாத்தியாரே சொல்றாரு."

"பேரு சொல்லுங்க."

என்னால் எப்படிச் சொல்ல முடியும்? ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதானே ஒருத்தி கொல்லைப்புறமாக வந்து போனாள், இன்னொருத்தி ஆள் அனுப்பினாள். ஹெட்மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் ஒங்களுக்கு விரோதமா இல்லம்மா. நாலஞ்சு பேர் வேணாம். இந்த ஊருல ஒருத்தர், ஒரே ஒருத்தரக் காட்டுங்க. அப்படிப்பட்ட ஒருத்தர் வளந்து ஆளாயி நல்லா இருக்காருன்னு காட்டுங்க. நான் எழுதிப் போடுறேன்."

நான் ஏதோ ஒரு உதவிக்காக உன் அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவர் கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் நான் போட்ட பித்தான்கள் மேலிருந்து கீழே வரிசையாக இருந்தன. அந்தப் பித்தான்களைப் பார்த்தேன் தியாகு. எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. மண்டிக்குச் சொந்தக்காரர், ஆனால் ஒரு நாளும் தராசைப் பிடித்ததில்லை, ஆள் வைத்திருக்கிறார். கணக்கைக் கணக்குப்பிள்ளை எழுதுகிறார். கோயிலில் தேங்காய் உடைக்கிறதென்றால் அண்ணன் கையில் கொடுத்துவிடுவார், மரியாதை என்று நினைப்போம். சைக்கிள் வாங்கி, ஒரு வாரம் வைத்திருந்து, விற்றார். பந்தியில் பரிமாற எழுந்ததே இல்லை. சாப்பிட்டு எழுந்தால் இலையைச் சுற்றிச் சோறு. அவசரக்காரர் என்று நானே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு என் கல்யாணம். மேளம் கொட்டுகிறது, எல்லாரும் அட்சதையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் கை என் கழுத்துக்குப் பின்னால் கயிற்றை வைத்துக்கொண்டு என்னவோ செய்கிறது, செய்துகொண்டே இருக்கிறது. விரல் என் பின்கழுத்தில் பட்டுப் பட்டு விலகியது. யாரோ, "மாப்பிள்ளைக்கு வெக்கம் தாங்கல" என்றார்கள். பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது வழக்கம்தானே, உன் அத்தை பின்னால் தயாராக நின்றாள். "தள்ளு, நான் போடுறேன்" என்று அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். என் கழுத்தில் மூன்று முடிச்சையும் போட்டது உன் அத்தை. முதல் முடிச்சு உள்பட. வழக்கம் என்று ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் அவரை நிறுத்தி மறைத்துவிட்டார்கள். அவர் வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கட்டிக்கொண்டவள் நான், எனக்குத் தெரியவில்லை.

அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். ‘நான் இருக்கேன் சார்’ என்று இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற புருஷனைக் காட்டி, இவரைப் பாருங்கள் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள் என்று அன்றைக்கு நினைத்தேன். செல்லம்மாவின் காரணத்துக்கும் என் காரணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இன்று வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"மண்டியில வச்சுக்குங்க பையன. நல்ல வியாபாரம். எல்லாரும் படிச்சுத்தான் ஆகணுமா?" என்று ஹெட்மாஸ்டர் எழுந்தார்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "சேத்துக்கிட்டாங்களாம்மா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு அப்பா முன்னால் நடந்தார்.

நீ ஜன்னலோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாய். ரயில்வே கேட் வரைக்கும் வந்தோம். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காதபடி என் புடவையை இழுத்து, "என்னை மாதிரி இந்த ஊர்ல வேற யாருமே இல்லியாம்மா?" என்றாய்.

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில். இருந்தார், தியாகு. உனக்கு முன்னால் நின்று வண்டி போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்ற என் முன்னால் வந்து நின்றார், முகவாயைத் தூக்கிக்கொண்டு. நான் அசையவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அவரே மேல் பித்தானோடு கொஞ்ச நேரம் போராடினார். கை வேர்த்தது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஒரு முடிச்சுப் போடத் தெரியாதுன்னா? நாளைக்கு எவன் என்னை நம்பி மூட்டைய எறக்குவான்?"

"ஒங்க மகன் வெளியில நின்னான்."

"தெரியும்." பித்தானை விட்டுவிட்டார். "அண்ணந்தான் என் காப்பி நோட்டு பூரா எழுதிக் குடுக்கும். அது படிப்ப முடிச்சுட்டுப் போனதும் நானும் நின்னுட்டேன். நெலத்துத் தகராறு, அதனால நின்னேன்னு ஒன்கிட்டச் சொன்னேன்ல."

"ஆமா."

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கு."

அதற்கு அடுத்த வாரம் உன் பெரியப்பா வந்தார். உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, "நம்ம வம்சத்துல கை வெளங்காதவன் ஒருத்தன் கெடையாது. இது அம்மா வழி வந்தது" என்றார். தம்பியின் நோட்டுகளை எழுதிக்கொடுத்த அதே கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார். எதிர் இலையில் உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையைச் சுற்றிச் சோறு சிந்திக் கிடந்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டே அந்தச் சோற்றைப் பார்த்தேன். உன் பெரியப்பாவும் பார்த்தார். இரண்டு பேரும் பார்த்தோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். உன்னைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவது என்று அந்தப் பந்தியில்தான் முடிவாயிற்று. தம்பியை மறைக்கத் தெரிந்தவர். மறைப்பதைத் தவிர வேறு எதையும் அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆனாலும் அம்மா என்றால் சொல்லாமல் இருக்க மாட்டாள். இந்த வாரத்திலிருந்து தினம் மத்தியானம் நீ மண்டியிலிருந்து வந்ததும் முதல் பாரத்துப் பாடத்தை நான் படிக்கிறேன், நீ வாயால் சொல்கிறாய். பெரியவனான பிறகும் அந்தப் பழக்கத்தை விடாதே. வேஷ்டிக்கு பெல்ட் போட்டுக்கொள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நிரம்பிய டம்ளரை வாங்காதே, பாதி கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. கூச்சம்தான் நம் வீட்டில் எல்லாரையும் தின்றது. எந்தப் பள்ளிக்கூடத்திலாவது, எந்த ஆபீஸிலாவது யாராவது ஒருவர் ‘இப்படிப்பட்டவர் ஒருத்தரைக் காட்டு’ என்று கேட்டால், பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, எழுந்து நின்றுவிடு. ஜன்னலுக்கு வெளியே ஒரு பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

இதை எழுதி முடிக்க நாலைந்து நாளாகிவிட்டது. பத்திரிகைக்கு எழுதிய நகலை உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். மறைத்து அனுப்ப எனக்கு இஷ்டமில்லை, மறைத்தது போதும். மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"கல்யாணத்துல நடந்தத மட்டும் எடுத்துடேன்" என்றார்.

"அத எடுத்துட்டா மீதி எதுக்கு?"

அவர் கிழித்துப் போடவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கப் பார்த்தார். அவை விலகி விலகிப் போயின. அப்படியே மேசையில் வைத்துவிட்டு மண்டிக்குப் போனார். இன்று சாயங்காலம் நானே ஸ்டேஷன் பக்கம் போய்த் தபாலில் போடுவேன். இது அச்சில் வந்தால், அதை எடுத்துக்கொண்டு அடுத்த வருஷம் அந்த ஹெட்மாஸ்டர் மேசை முன்னால் போய் நிற்பேன். வந்தாலும் அவர் சேர்த்துக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போவேன்.

உனக்கு ஒரு பெண் பார்த்து நிச்சயம் செய்தால், தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் அவளிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பித்தான்களை இன்னும் சந்தோஷமாகப் போட்டிருப்பேன். கல்யாணத்தன்று கயிறு உன் கையில் நழுவும். பந்தலில் யாராவது, மாப்பிள்ளைக்கு வெட்கம் என்பார்கள். வெட்கமில்லை என்று சொல். பின்னாலிருந்து யாராவது கையை நீட்டுவார்கள், கொடுக்காதே. முதல் முடிச்சை நீயே போடு. நல்ல நேரம் போகிறது என்பார்கள். போகட்டும். மேளக்காரர்கள் கொட்டிக்கொண்டே இருக்கட்டும், கை வலித்தால் மாற்றி மாற்றிக் கொட்டட்டும். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு காத்திருப்பாள். நானும் நிற்பேன்.

உன் அம்மா
அரியலூர்